பொறுக்கி அண்ணி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அண்ணிக்கு அது எங்கே இருக்கிறது என்று கட்டிய புருஷனுக்கே தெரியாது. அதனால்தான் நான், என் அண்ணன், அண்ணி மூன்று பேரும் ஒரே வீட்டில் காலம் தள்ளுகிறோம்.

அண்ணிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. துணிகள் இயந்திரத்துக்குள் போகும் முன் ஒவ்வொரு கோட்டின் பாக்கெட்டையும் துழாவிப் பார்க்க வேண்டும். ஒரு பேனா தப்பினால் போதும், ஒரு வண்டித் துணியும் நீலமாகிவிடும். துழாவித் துழாவியே பழகிய கை, வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. என் கைப்பையில் என்ன இருக்கிறது என்று என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அண்ணன் இணையத்தில் ஒரு விளையாட்டு ஆடுவான். வாளைத் தூக்கிக்கொண்டு குகைக்குள் புகுந்து பூதங்களை வெட்டுவது. நாலைந்து பேர் குழுவாகச் சேர்ந்து ஆடுவார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊரில். ஒரு நாள் அண்ணி வெங்காயம் உரித்தபடியே எட்டிப் பார்த்தார்.

“ஐயையோ, செத்த பூதத்துக்கிட்ட ஏதோ மின்னுதே, அதை விட்டுட்டா போறீங்க?”

“அதெல்லாம் குப்பை.”

“பாக்கெட்டைப் பார்க்காமலே குப்பைன்னு எப்படித் தெரியும்?”

“நீயே ஆடு, தாயே!” என்று எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிட்டான்.

விளையாட்டு முதலில் பெயர் கேட்டது. அண்ணியை அவருடைய அப்பா ‘பொறுக்கி எடுத்த முத்து’ என்றுதான் சொல்வாராம். ஆசையாக அதையே தட்டினார். அந்தக் கட்டத்தில் இடைவெளி ஆகாது. முதல் சொல்லோடு நிறுத்திக்கொண்டது. அண்ணி கவனிக்காமல் ‘சரி’யை அமுக்கிவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. தலைக்கு மேலே பொன்னெழுத்தில் ‘பொறுக்கி’ என்று மிதந்தது. நான் சிரித்த சிரிப்பில் விக்கல் எடுத்து, தண்ணீர் குடித்தும் நிற்கவில்லை.

குழுத்தலைவர் எங்கேயோ முடிவெட்டும் கடை வைத்திருப்பவர். புதிதாக வந்திருப்பது ஆண்பிள்ளை என்று நினைத்துவிட்டார். “பொறுக்கி! எங்கடா போய்த் தொலைஞ்ச? பொறுக்கி!” என்று அவர் கத்தியது எங்கள் கணினியில் வீடு முழுக்கக் கேட்டது. கீழ்வீட்டு அம்மா படியேறி வந்து கதவைத் தட்டினார். “யாரும்மா அந்த ஆளு, இந்தத் திட்டு திட்டுறான்? நாலு பேரைக் கூப்பிடட்டுமா?” என்றார். அண்ணிக்கு முகம் சுண்டிப்போயிற்று. பிறகு அண்ணியின் குரலைக் கேட்டு விஷயம் தெரிந்ததும் தலைவர் பதறிப்போய் ‘பொறுக்கி அக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்தார். மரியாதையாம்!

பெயரை மாற்ற அந்த விளையாட்டில் ஓர் ஓலை உண்டு. அங்கேயே பொற்காசு சேர்த்தும் வாங்கலாம், நிஜப் பணம் கொடுத்தும் வாங்கலாம்.

“ரெண்டு காபிக் காசுதான். வாங்கித் தரட்டா?” என்றான் அண்ணன்.

“வேணாங்க. அங்க தொலைச்ச பேரை அங்கயே சம்பாதிச்சு எடுத்துக்கிறேன்.”

வேலை முடிந்து வந்ததும் ஒரு மணி நேரம் அதுதான். மற்றவர்கள் வெட்டிக்கொண்டே முன்னால் ஓடுவார்கள். அண்ணி பின்னாலேயே போய் உடைந்த கவசம், துருப்பிடித்த வாள், கரடி நகம் என்று ஒன்றுவிடாமல் எடுப்பார். விளையாட்டின் சொந்தக் கடையில் அடிமாட்டு விலைதான் கிடைக்கும். ஆனால் மருந்து காய்ச்சுகிற ஆட்டக்காரர்களுக்குக் கரடி நகம் இல்லாமல் கை ஓடாது என்று கண்டுபிடித்தார். சந்தைப் பாலத்து முனையில் நின்று, “வாங்க தம்பி, நகம் வாங்கலியா?” என்று தட்டிவிடுவார். பத்து வாங்கினால் ஒன்று கொசுறு. அந்த உலகத்தில் அதுவரை யாரும் கொசுறு கொடுத்ததில்லை போலிருக்கிறது. கூட்டம் அள்ளியது.

அப்போதுதான் போட்டி அறிவித்தார்கள். முதல் மூன்று குழுக்களில் ஆடியவர்களின் பெயர்களை அந்த உலகத்து நகர நடுவில் கல்லில் செதுக்குவார்களாம். செதுக்கினால் செதுக்கினதுதான், பிறகு ஓலை வாங்கியும் பயனில்லை. “எங்கப்பா ஆசையா சொன்ன பேரு, ஊரே பார்க்க இப்படியா நிக்கணும்?” என்று அண்ணி புலம்பினார். எனக்கே பாவமாக இருந்தது. கரடி கரடியாகத் தேடி அலைந்தார். போட்டிக்கு முதல் நாள் ஓலை கைக்கு வந்துவிட்டது.

பக்கத்தில் நாற்காலி போட்டு நானும் உட்கார்ந்தேன். முழுப்பெயரையும் சேர்த்து எழுதினார். நீளம் அதிகம் என்றது. ‘முத்து’ என்று எழுதினார். ஏற்கெனவே ஒருவர் வைத்திருக்கிறாராம். ஒன்று, இரண்டு என்று எண் சேர்த்துப் பார்த்தார். அதுவும் போயிருந்தது. கடைசியில் விளையாட்டே இரக்கப்பட்டு, ‘முத்து4187’ காலியாக இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அண்ணி கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்.

திரையின் ஓரத்தில் சந்தைப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. “பொறுக்கி அக்கா, நகம் இருக்கா?” என்று ஒருவர். “பொறுக்கி அக்கா இன்னிக்கு லீவா?” என்று இன்னொருவர். அதற்குக் கீழே, “யார்கிட்டயாவது பெயர் ஓலை இருக்கா? கேட்ட விலை தர்றேன், கல்லுல என் பேர் வரக்கூடாது!” என்று ஒரு ஆள் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர் பெயர் ‘கழுதைவால்’.

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நாலாயிரம் முத்துல நானும் ஒரு முத்தா? பொறுக்கி நான் ஒருத்திதானே?”

அண்ணி ஓலையை இரண்டு மடங்கு விலைக்குக் கழுதைவாலிடம் தள்ளிவிட்டார், ஒரு நகம் கொசுறோடு. வந்த காசில் குழுவுக்கே புதுக் கவசம் எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குழு மூன்றாவதாக வந்தது. சாயங்காலம் கல்லைத் திறந்தார்கள். ஒவ்வொரு பெயராகச் செதுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் அதுவும் விழுந்தது.

“சத்தமா படி” என்றார் அண்ணி.

“பொறுக்கி.”

“காதுல விழல.”

“பொறுக்கி!” அடித்தொண்டையில் கத்தினேன்.

குளியலறைக் கதவு திறந்தது. தலையெல்லாம் நுரையோடு அண்ணன் எட்டிப் பார்த்தான். “யாரைடி திட்டுற?”

“உன் பொண்டாட்டியைத்தான்!”

அண்ணிக்குச் சிரிப்பில் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அவரையும் ஒரு தடவை அப்படிக் கூப்பிடச் சொல்லு.”