கேட்டால் வேண்டாம் என்று சொல்லவும்

"டீச்சர், இந்தச் சக்கரத்தைத் தூக்கிருவமா?" என்று கேட்டார் சிவசைலம் அண்ணாச்சி.

"எதுக்கு அண்ணாச்சி? நல்லாத்தான ஓடுது."

"எங்கன ஓடுது? நொண்டுது. ஒரு பக்கம் தொறக்கதுக்குள்ள வாறவன் கீழ போயி டீ குடிச்சிட்டு வந்திருதான். புதுசு ஒண்ணு பத்திரிகையோட சிடில வந்திருக்கு. நீல 'இ' போட்டது. தமிழ்ப் பேப்பரெல்லாம் கட்டங்கட்டமா வராம ஒழுங்கா வருதாம். முதல் எழுத்தை அடிச்சாப் போதும், மிச்சத்தை அதுவே காட்டிரும்."

"அதுக்கு எப்பிடித் தெரியும்?"

"முன்னால அடிச்சதை ஞாபகம் வச்சுக்கிடும்லா."

"யாரு அடிச்சதை?"

"யாரு அடிச்சாலும்."

நீலாம்பாள் டீச்சர் மேஜையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். "அப்பம் அது கார்பன் தாளு அண்ணாச்சி. நமக்கு வேண்டாம்."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "ஏ பிள்ள, கேட்டியா? கம்ப்யூட்டருக்குள்ள கார்பன் வச்சிருக்கானாம்! டீச்சர், உங்களுக்கு அப்படி என்ன ரகசியம்? காலையில வாறிய. சாயங்காலம் உங்க அண்ணன் நடராஜ் வீட்டுக்குப் போறிய. இடையில மறைக்கதுக்கு என்ன இருக்கு?"

"எனக்கில்ல. இங்கன வாற பிள்ளையளுக்கு."

"பிள்ளையளுக்கு எதுக்கு ரகசியம்? மார்க்கெட்டுல பாதித் தகப்பன்மார் எனக்கு வேண்டியவிய. எம் மவ அங்கன வந்து என்ன பாக்கான்னு கேட்டா நான் முழிக்க வேண்டியிருக்கு."

"முழிங்க" என்றார் டீச்சர்.

இது தொண்ணூற்றொன்பது கோடையில் நடந்தது. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்த மாடி அது. முதலில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டாக இருந்தது. பிறகு பாதி அறையைத் தடுத்து, கம்ப்யூட்டர்களை வைத்து, பிரவுசிங் சென்டர் என்று போர்டு மாட்டினார் முதலாளி சிவசைலம் அண்ணாச்சி. இணையப் பக்கத்தைத் திறந்து காட்டும் மென்பொருளை நாங்கள் படத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்வோம். கப்பல் சக்கரம் போட்டது பழையது. நீல 'இ' போட்டது புதியது. நான் அங்கே டைப்பிங் பழகப் போனவள். பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு, பிறகு கான்வென்டில் ஆங்கிலத்தில் படித்தவள் என்பதால், வருகிறவர்களுக்கு ஆங்கிலக் கடிதம் எழுதிக் கொடுக்க அண்ணாச்சி என்னைச் சாயங்காலங்களில் உட்கார வைத்திருந்தார்.

நீலாம்பாள் டீச்சர் கல்யாணம் ஆகாதவர். அன்பாகப் பேசுகிறவர் என்று சொல்ல முடியாது. யாராவது குனிந்து விசைகளைப் பார்த்தால் அடிஸ்கேலால் விரல் முட்டியில் ஒன்று விழும். "கண்ணு தாளுல இருக்கணும். விரலுக்குத் தெரியும், அதை நம்பு" என்பார். மத்தியானம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். வேலை முடிந்ததும் அன்றைக்கு உபயோகித்த கார்பன் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, கத்தரிக்கோலால் நாடா நாடாவாக வெட்டுவார். அதற்குக் காரணம் இருந்தது. பல வருஷங்களுக்கு முன் பிச்சைக்கண்ணு என்ற பள்ளிக்கூட கிளார்க் ஒருவர், நிர்வாகத்தின் மேல் பெயர் போடாத மனு ஒன்றை அங்கே வந்து அடித்துக்கொண்டு போனார். குப்பைக் கூடையில் கிடந்த கார்பனை யாரோ வெளிச்சத்தில் பிடித்து வாசித்துவிட்டார்கள். கிளார்க்குக்கு வேலை போயிற்று. அந்த யாரோ அண்ணாச்சிதான் என்று டீச்சர் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு கூடையை அவர் நம்பவில்லை.

அவருக்கும் ஒரு ரகசியம் உண்டாகியிருந்தது. அண்ணன் வீட்டில் அவர் பெயருக்கு எந்தத் தபால் வந்தாலும் உறை கிழிந்துதான் கைக்கு வரும். அதனால் ஊட்டிப் பக்கம் ஒரு தங்கும் பள்ளியில் அலுவலக வேலைக்கு விண்ணப்பித்தபோது ஈமெயில் முகவரியைக் கொடுத்திருந்தார். "வேலையோட ரூமும் தாறாங்களாம்" என்று என்னிடம் சொன்னார். "தனிச் சாவி." சாவி என்று சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்த மாதிரிக் கடிதங்களிலிருந்து வரிகளை எடுத்துக் கோத்து, அந்த விண்ணப்பத்தை அவரே தயாரித்திருந்தார். அந்த மாதிரிகளுக்கு வெளியே அவருக்கு ஆங்கிலம் எழுத வராது.

ஆடி அமாவாசை அன்று டீச்சர் அண்ணன் குடும்பத்தோடு பாபநாசம் போனார். செத்துப்போன அம்மாவுக்கு அண்ணன் எள்ளும் தண்ணீரும் இறைக்க, இவர் படித்துறையில் துணிகளைக் காவல் காத்தார். அன்று சாயங்காலம் கிரகணமும் சேர்ந்துகொண்டதால் சென்டருக்கு ஒருவரும் வரவில்லை. அண்ணாச்சி கதவைச் சாத்திக்கொண்டு எல்லாக் கம்ப்யூட்டரிலும் சிடியைப் போட்டார்.

மறுநாள் டீச்சர் வந்து பார்த்தார். சக்கரத்தைக் காணோம்.

"தேஞ்சு போச்சு டீச்சர்."

"இது ஞாபகம் வச்சுக்கிடுமே அண்ணாச்சி."

"பாஸ்வேர்டைக் கேட்டுட்டுத்தான் வைக்கும். வச்சுக்கிடட்டுமான்னு ஒரு கட்டம் வரும். வேண்டாம்னா விட்டுரும். மருவாதி தெரிஞ்சது."

டீச்சர் வெள்ளைத் தாளை நறுக்கி, 'கேட்டால் வேண்டாம் என்று சொல்லவும்' என்று தமிழில் அடித்து, ஒவ்வொரு மானிட்டரின் நெற்றியிலும் ஒட்டினார். வருகிற ஒவ்வொருவரிடமும் வாயாலும் சொன்னார். காலேஜ் பையன்கள் அதைச் சொல்லிச் சொல்லி ஒருவரையொருவர் கேலி செய்தார்கள். "ஏலே, ஒனக்குப் பொண்ணு கேட்டா என்னலே சொல்லுவ?" "கேட்டால் வேண்டாம் என்று சொல்லவும்!" டீச்சர் ஸ்கேலை எடுத்ததும் அடங்கினார்கள்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்குநேரி பெருமாள் கோயிலுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு, மதுரையில் அந்தப் பள்ளியின் நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்தார். வேலை கிடைத்தது. தீபாவளி கழித்து வந்து சேரலாம், சம்மதத்தை எழுதுங்கள் என்று பள்ளியிலிருந்து மெயில் வந்தது. அதை வாசித்த அன்று டீச்சர் யாரையும் அடிக்கவில்லை. பதிலை வீட்டில் யோசித்து, தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வந்து அடிப்பதாகச் சொன்னார்.

இடையில் ஆயுத பூஜை வந்தது. டைப்ரைட்டர்களுக்கும் கம்ப்யூட்டர்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தோம். பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். டீச்சரின் அண்ணன் நடராஜும் வந்திருந்தார். அவர் அங்கே வருவது அதுதான் முதல் தடவை.

அண்ணாச்சி பொரித் தட்டோடு டீச்சர் முன்னால் வந்து நின்றார். "டீச்சர், ஸ்வெட்டர் வாங்கியாச்சா?"

"எதுக்கு?"

"மலையில குளுருமேன்னு கேட்டேன்."

நடராஜ் பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். "நாங்குநேரிப் பெருமாளு மதுரைக்கு எப்பம் வீடு மாறுனாரு நீலா?"

என்னவென்று தெரியாமலே பிள்ளைகள் சிரித்தார்கள்.

"மூஞ்சியத் தொங்கப் போடாதிய" என்றார் அண்ணாச்சி. "நாங்களே பதில் போட்டாச்சு. உங்களுக்கு இங்கிலீஷ் அடிக்கத்தான வரும், எழுத வராதுல்லா. ஒரு ஒத்தாசைதான்."

டீச்சர் போய், தான் எப்போதும் மெயில் பார்க்கும் ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். மெயில் பக்கத்தைத் திறந்து, பெயருக்கான கட்டத்தில் ஒரே ஓர் எழுத்தை அடித்தார். அவருடைய முழுப் பெயரும் கீழே வந்து நின்றது. அதைத் தொட்டதும் பாஸ்வேர்டுக் கட்டம் தானாகவே நட்சத்திரங்களால் நிறைந்தது. நெற்றியில் ஒட்டிய தாள் அதற்கு மேலேயே இருந்தது. அதிலும் சந்தனம் வைத்திருந்தோம்.

அவர் பெயரில் போயிருந்த பதில் அங்கே இருந்தது. என் தாயார் படுத்த படுக்கையாக இருப்பதால் நான் வர இயலாது, வேறு ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பள்ளியின் மறுமொழியும் வந்திருந்தது. வேறொருவரை நியமித்துவிட்டோம், வருந்துகிறோம், உங்கள் தாயார் குணமடைய எங்கள் பிள்ளைகள் தினமும் காலை வழிபாட்டில் வேண்டிக்கொள்வார்கள்.

அதை அவர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அம்மைய எதுக்குச் சொன்னிய?"

"வேற யாரச் சொல்ல?" என்றார் நடராஜ். "ஒனக்குன்னு வேற யாரு இருக்கா?"

அது எப்படி நடந்தது என்பது விஜயதசமிக்குப் பிறகுதான் விளங்கியது. டீச்சர் கம்ப்யூட்டரில் ஒரு கடிதம் அடிக்க உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன். அவர் கண் இடது பக்கத் தாளில் இருந்தது. வரி முடிந்தது, ரிட்டர்ன் விசையை ஒரு தட்டு, உடனே இன்னொரு தட்டு. இரட்டை இடைவெளி. வாழ்நாள் முழுக்க அடித்ததும் சொல்லிக் கொடுத்ததும் அப்படித்தான். பாஸ்வேர்டை அடித்த அன்றும் விரல் இரண்டு தட்டுத் தட்டியிருக்கிறது. முதல் தட்டுக்கு உள்ளே போயிருக்கிறது. வைத்துக்கொள்ளட்டுமா என்று கட்டம் வந்து கேட்டிருக்கிறது. இரண்டாவது தட்டு, வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறது. அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. நான் சொல்லாமலே அவருக்கும் அது அப்போது தெரிந்தது. விசைகளின் மேல் கை அப்படியே நின்றுவிட்டது.

அவர் வேலையை விடவில்லை; விட்டால் போக வேறு இடம் இல்லை. நடராஜ் காலையில் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டு, சாயங்காலம் வந்து கூட்டிக்கொண்டு போனார். மானிட்டர்களில் ஒட்டிய தாளை அண்ணாச்சி கிழிக்கவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு அதைக் காட்டி, ஒட்டினது யார், மாட்டினது யார் என்று கதை சொல்வார். டீச்சர் தடுப்புக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருப்பார். கார்பனை வெட்டுவதை நிறுத்திவிட்டார். ஸ்கேலை மட்டும் விடவில்லை.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம், கீழே ஸ்கூட்டர் சத்தம் கேட்டபின், டீச்சர் மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"ஏட்டி, அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு லெட்டர் எழுதணும். எனக்கு வராது. அதுக்கு மாதிரிக் கடுதாசி கிடையாது. கம்ப்யூட்டர் வேண்டாம், கையால எழுதித் தபால்ல போடு. வேலையெல்லாம் கேக்காத. எங்க அம்மை செத்து வருசம் பலது ஆச்சுன்னு மட்டும் எழுது. பாவம், அந்தப் பிள்ளையளெல்லாம் இன்னும் வேண்டிக்கிட்டு நிக்கும்."