தான்சானியாத் துணியில் நான் வெட்டிய வரி

எங்கள் மாடியில் குடியிருக்கும் தான்சானியாப் பெண்ணைப் பார்த்தால் முடிச்சூரில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான் வரும். தண்ணி கேன் போடுகிறவர் கேட்பார், பக்கத்து பிளாட்காரர் கேட்பார். கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா வாசலில் கூடையை இறக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"இன்னாம்மா, உங்க ஊர்ல சிங்கம்லாம் தெருவுலயே சுத்திகினு கீதாமே?"

"தெருவுல நாய்தான்க்கா. இங்க மாதிரியே."

காட்டாங்குளத்தூரில் காலேஜ் படிக்க வந்து இரண்டு வருடமாகிறது. தமிழ் ஓரளவு பிடித்துக்கொண்டாள். அவள் சிரித்தபடிதான் பதில் சொல்வாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். இப்படியே கேட்டுக்கொண்டிருந்தால் ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு வீடு போய்விடுவாளே என்று எனக்குப் பயம். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் நான். படிக்கிற பிள்ளை மாடியில் இருப்பது எனக்கு ஒரு பெருமை.

ஒருநாள் அவளே போனை எடுத்து அந்த அக்காவுக்குப் படம் காட்டினாள். ஒரு மலை. கீழே காய்ந்த புல், உச்சியில் பனி.

"வெயில் ஊர்ல ஐஸா? கத வுடாத."

அடுத்த படத்தில் செக்கச் சிவந்த ஏரி, அது நிறைய பூநாரைகள். பள்ளிக்கரணைச் சதுப்புக்குச் சில வருடம் வருமே, அதே போல நெடுங்கால் பறவை. அதற்கடுத்து ஒரு தீவு. இடுப்பளவு தண்ணீரில் பெண்கள் நின்று கயிற்றில் கடல்பாசி கட்டிக்கொண்டிருந்தார்கள். மீன்கார அக்கா போனைக் கையிலேயே வாங்கிக்கொண்டார்.

"இது எந்தக் கடலு?"

"ஒரே கடல்தான்க்கா. இந்தப் பக்கம் நீங்க. அந்தப் பக்கம் எங்கம்மா."

அதோடு சிங்கம் ஒழிந்தது. "அங்க வஞ்சரம் இன்னா வெல?" என்று அடுத்ததைத் தொடங்கிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அவள் காலேஜில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு விழா வந்தது. மேடையில் ஏறி அவரவர் நாட்டைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். "விழா நடத்துறவங்க ஈட்டி வச்சு ஆடு, இலை கட்டிக்கோன்றாங்கக்கா" என்றாள். அன்றைக்குத்தான் அவள் முகத்தைச் சிரிப்பில்லாமல் பார்த்தேன். "நான் எங்கம்மாவைக் காட்டப் போறேன்."

சொல்லிவிட்டு ஒரு துணியைக் கொடுத்தாள். அவள் ஊரில் காங்கா என்பார்களாம். நல்ல பருத்தி. நான்கு பக்கமும் கறுப்பும் சிவப்புமாக பார்டர், நடுவில் முந்திரிப் பழம், கீழ்ப் பார்டருக்கு மேலே ஆங்கில எழுத்தில் ஒரு வரி. ஊரைவிட்டுக் கிளம்பும்போது அம்மா கொடுத்தது, இதில் சுற்றிக் கட்டுகிற பாவாடை தைக்க வேண்டும் என்றாள். "பார்டர் நாலு பக்கமும் வரணும்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பரீட்சைக்கு ஓடிவிட்டாள்.

எழுத்தைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றும்? வேட்டி, லுங்கி எல்லாவற்றிலும் ஓரத்தில் மில் பெயர் இருக்கும். முன்பு ஒருமுறை ஒரு டீச்சரம்மாவின் சுடிதாரில் மில் பெயர் இடுப்புக்கு நேராக வந்து, அவர் கடை வாசலிலேயே என்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார். அந்தப் பயத்தில் எழுத்து இருந்த பட்டையை மட்டும் வெட்டி எடுத்து, பார்டரைத் திரும்ப மேலே ஏற்றி, இணைப்புத் தெரியாமல் தைத்தேன். என் வேலையை நானே மெச்சிக்கொண்டேன்.

விழாவுக்கு முதல் நாள் மத்தியானம் வந்தவள் பாவாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, எழுத்து எங்க?"

"மில் பேருதானே? எடுத்துட்டேன். எடுத்த இடம் தெரியுதா பாரு!"

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அது மில் பெயர் இல்லையாம். அவள் ஊரில் அம்மாக்கள் சில விஷயங்களை வாயால் சொல்லமாட்டார்களாம். சொல்ல நினைத்தது எந்தத் துணியில் அச்சாகி இருக்கிறதோ, அதைத் தேடி வாங்கிக் கொடுப்பார்களாம். தூரம் போனவளை நாங்கள் மறக்கவில்லை என்பதுதான் இதில் இருந்ததாம். நாளைக்கு மேடையில் அதைத்தான் படித்துக் காட்ட இருந்தாளாம்.

"அடிப்பாவி, முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலையேக்கா."

கேட்கவில்லைதான். தண்ணீர் வந்ததா, கதவைப் பூட்டினாயா, ரயில் ஏன் லேட் என்று இரண்டு வருடமாக அவளை அரித்தெடுத்திருக்கிறேன். எழுத்து என்னவென்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

துண்டுத் துணி மூட்டையைத் தேடினால், அது இல்லை. பைக் மெக்கானிக்கிடம் கொடுங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் காலையில் சொல்லியிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து, சொன்ன வேலையைச் சொன்ன அன்றே அவர் செய்தது அந்த ஒரு நாள்தான்.

இருவரும் ஓடினோம்.

"வேஸ்ட் துணியைத் திருப்பிக் கேக்குற மொத ஆளு நீதான்க்கா" என்றார் மெக்கானிக். பட்டை அவர் கையிலேயே இருந்தது. ஒரு முனையால் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணா, மூட்டை நிறைய துணி கெடக்கு. இதுதான் கெடச்சுதா ஒனக்கு?"

"நல்ல காட்டன்க்கா. சும்மா இழுக்குது பாரு."

பெட்ரோல் போட்டு, சோப்புப் போட்டு, இரண்டு பேரும் மாறி மாறித் தேய்த்தோம். கடைசி இரண்டு எழுத்தில் கறுப்பு போகவே இல்லை. தையலைப் பிரித்து, பட்டையை வைத்து, தலைகீழாகத் தைத்துவிடுவேனோ என்று பத்துத் தடவை அவளைக் கேட்டு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லத் தைத்து முடித்தேன். இந்த முறை இணைப்பு நன்றாகவே தெரிந்தது.

விழாவுக்கு நானும் வர வேண்டும் என்று அவளுக்குப் பிடிவாதம். போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மலையைச் சொன்னாள், சிவப்பு ஏரியைச் சொன்னாள், மாடு போன்ற மிருகங்கள் லட்சக்கணக்கில் ஆற்றைத் தாண்டுவதைச் சொன்னாள். பிறகு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, பாவாடையில் இருந்த அந்த வரியைச் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம் இல்லையா? "இதை எங்க டெய்லர் அக்கா வெட்டிட்டாங்க. அவங்களே திரும்பத் தச்சும் குடுத்தாங்க. அதோ இருக்காங்க" என்று கையை நீட்டினாள். அத்தனை தலையும் திரும்பியது. எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது.

அவள் அம்மா விழாப் படத்தைப் போனில் பார்த்துவிட்டு, அந்தக் கறை என்ன என்று கேட்டாராம். கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, எனக்கும் ஒரு காங்கா வாங்கி அனுப்புகிறேன் என்றாராம்.

"அதுல என்னம்மா எழுதியிருக்கும்?"

"வரட்டும்க்கா, படிச்சுச் சொல்றேன்."

இன்னும் வரவில்லை. திட்டி எழுதியிருந்தால் என்ன செய்வது என்று தினமும் யோசிக்கிறேன். இதற்கிடையில் யார் துணி கொடுத்தாலும் ஓரத்தில் எழுத்தைக் கண்டால் என் கத்திரி நின்றுவிடுகிறது.

"அக்கா, அது மில் பேருக்கா. வெட்டுக்கா, நேரமாவுது."

"படிச்சுப் பாத்தியா நீ?" என்கிறேன். "மொதல்ல படி."