ஜெரேனியத்துக்கு அடித்த பூச்சி மருந்து

ஆரணியில் எங்கள் வாசலில், வனஸ்பதி டின்னில் ஊட்டி ஜெரேனியம் பூச்செடி வளர்க்கிறேன். போன மாதம் வெள்ளைப் பூச்சி தொற்றியதால், காலையில் கடை மருந்து தெளித்தேன். மாலையில் பார்த்தால், ஒரு கிளையில் இலைகளையே காணோம். பதறிப்போய் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு ஓடினேன்.

“நான்தான்க்கா பறிச்சேன்,” என்றாள் எதிர்வீட்டில் தறி நெய்யும் மேரி. “கற்பூரவல்லின்னு நெனச்சேன். பாப்பா இருமிகினே கீது, கஷாயம் வெச்சேன்.”

“குடுத்துட்டியா?”

“இன்னும் ஆறலைக்கா.”

டம்ளரைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டிய பிறகே விஷயத்தைச் சொன்னேன். மேரி குழந்தையை வாரி அணைத்துக்கொண்டாள்.

இப்போது பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீர்தான் தெளிக்கிறேன். அதற்கும் அடங்காவிட்டால் கிளையையே வெட்டிவிடுகிறேன். பூ குறைந்தால் குறையட்டும்.