நாற்பது எழுத்துக்குக் குறையாமல்

ஆற்றோர வேலியில் பதினொரு துப்பாக்கிக் கோபுரங்கள். காவலுக்கு ஆள் கிடையாது. அவையே பார்க்கும், அவையே குறிவைக்கும். சுடுவதற்கு மட்டும் ஒரு மனிதக் கை சம்மதம் தர வேண்டும். அந்தக் கைகளில் ஒன்று 'காரணம்' அக்காவுடையது. முன்பு ஒன்பது வருடம் விமான நிலையத்தில் ஊரார் பெட்டிகளைத் திரையில் துருவிக்கொண்டிருந்தவள்.

ஆலோசனை சொல்லும் மென்பொருளுக்கு அலுவலகத்தில் மாப்பிள்ளை என்று பெயர். அவர் வாய் திறந்தால் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான். சம்மதத்துக்கு ஒரே பொத்தான். மறுப்பதென்றால் அரை நிமிடத்துக்குள் நாற்பது எழுத்துக்குக் குறையாமல் காரணம் எழுத வேண்டும். நேரம் தவறினால் துப்பாக்கி சுடாது, ஆனால் பணிப்பதிவில் கரும்புள்ளி விழும். மற்றவர்கள் எதற்கு வம்பு என்று பெரும்பாலும் தலையாட்டிவிடுவார்கள். இவள் ஒருத்திதான் மாடு, துணிமூட்டை, வழிதவறிய பெண் என்று விரல் வலிக்க எழுதுவாள். 'காரணம்' என்ற பட்டப்பெயர் வந்தது அப்படித்தான்.

நான்கு வருடமாகத் தற்காலிக வேலை. அவளுடைய வீட்டுக்காரர் வேலை பார்த்த அச்சகமோ மூடிவிட்டது. திங்கட்கிழமை மேலதிகாரி கூப்பிட்டார்.

"மாப்பிள்ளையோட மல்லுக்கட்டிக்கிட்டே இருந்தா உங்கள எப்படிம்மா நிரந்தரம் பண்றது? இன்னும் ஒரு கரும்புள்ளி விழுந்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

மறுநாள் காலை ஏழாம் கோபுரத்தின் திரையில் ஓர் ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் நீளமாக ஏதோ. ஆபத்து நூற்றுக்கு எண்பத்தெட்டு என்றார் மாப்பிள்ளை. அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு 'தூண்டில்' என்று எழுதினாள்.

காரணம் போதாது, இன்னும் முப்பத்தாறு எழுத்துகள் தேவை என்றது திரை.

தூண்டிலைப் பற்றி வேறு என்ன எழுத? வினாடிகள் ஓடின. சொல்ல ஒன்றும் இல்லாததே அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது. எண்பத்தெட்டு என்று சும்மாவா சொல்வார்? வீட்டு வாடகை நினைவுக்கு வந்தது. எழுதியதை அழித்தாள். பொத்தானை அழுத்தினாள்.

ரோந்துப் படை போய்ப் பார்த்தபோது அவன் உடலருகே ஒரு மூங்கில் கழியும், நைலான் நரம்பும், டப்பா நிறைய மண்புழுவும் கிடந்தன.

விசாரணை எட்டு நிமிடம்.

"உங்க மேல தப்பே இல்லம்மா. ஆலோசனைப்படி நடந்திருக்கீங்க."

"தூண்டில்னு எழுதினேன் சார். நான்தான் அழிச்சேன். அதையும் எழுதிக்கோங்க."

"அழிச்சது பதிவுல இருக்காது. மனச போட்டுக் குழப்பிக்காதீங்க."

வெள்ளிக்கிழமை நிரந்தர ஆணை வந்தது. வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்: "நெருக்கடியில் தயங்காமல் முடிவெடுக்கும் திறனைப் பாராட்டி..."

அவள் தேம்பித் தேம்பி அழுதாள். அவருக்கும் கண் கலங்கியது.

"அட அசடே, சந்தோஷத்துல இப்படியா அழுவாங்க?"

"ஆமாங்க," என்றாள்.