நிற்காத வண்டி எது?

விக்கிரமங்கலத்திலிருந்து அக்கா போன் செய்தாள். பழைய கார் ஒன்று வாங்க வேண்டும், எது நம்பகமானது என்று விசாரித்துச் சொல் என்றாள். மாமாவுக்கு வாரம் மூன்று முறை அரியலூரில் டயாலிசிஸ். ஒருநாள் வாடகைக் கார் வராமல் போனதில் ஒரு முறை தவறிவிட்டது. மறுநாள் மூச்சு வாங்கி, ஆம்புலன்சில்தான் கொண்டுபோனார்கள். இனி தவறவே கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பெரம்பலூரில் என் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் பழைய கார் விற்பவர் ஒருவர் இருக்கிறார். அக்காவால் முடிந்த விலையில் அவரிடம் இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று நம் நாட்டுக் கம்பெனி, மற்றது வெளிநாட்டுக் கம்பெனி. வெளிநாட்டு வண்டியைச் செய்தது சென்னைக்குப் பக்கத்தில். நம் நாட்டு வண்டிதான் வடக்கே எங்கிருந்தோ பல மாநிலங்கள் தாண்டி வந்திருந்தது. ஆனாலும் விற்பவர் நம் நாட்டு வண்டியை 'லோக்கல்' என்றார், சென்னையில் செய்ததை 'ஃபாரின்' என்றார்.

டீக்கடையில் கேட்டேன்.

"ஃபாரினா? கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க சார்."

"நீங்க வச்சிருக்கீங்களா?"

"நமக்கெங்க சார்? பைக்குக்கே பெட்ரோல் போட முடியல. எல்லாரும் சொல்றாங்கல்ல."

சொல்பவர்களை விட்டுவிட்டு வைத்திருப்பவர்களைத் தேடினேன். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவரிடம் அதே வெளிநாட்டு வண்டி இருந்தது. அரியலூர் சாலையில் இரண்டு முறை நின்றிருக்கிறது. "வண்டி மேல தப்பு இல்ல. சிமெண்ட் லாரி ஓடுற ரோடு. அந்தப் புழுதிக்கு எது தாங்கும்?" என்றார். ஃப்ளெக்ஸ் போர்டு கடைக்காரரிடம் இருந்தது லோக்கல். அதே சாலையில் ஒரு முறை நின்றது. "நம்மாளுங்க செஞ்ச வண்டி சார், வேற எப்படி இருக்கும்?" என்றார். புழுதி என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை.

அடுத்தடுத்துக் கேட்டதால்தான் இது எனக்குப் பட்டது. ஒருவர் சாலையைத் திட்டினார், ஒருவர் தன் வண்டியைத் திட்டினார். அதன்பின் கார் வைத்திருக்கும் யாரைப் பார்த்தாலும் கேட்டேன். பெரும்பாலும் இதே கதைதான். மக்காச்சோள வியாபாரி ஒருவர் மட்டும் எல்லாக் கம்பெனியையும் சேர்த்துத் திட்டினார்.

கண்டுபிடித்ததை அக்காவிடம் ஆசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"சரி தம்பி, நின்னப்ப என்ன பண்ணாங்களாம்?"

நான் கேட்கவில்லை.

"ஊரெல்லாம் சுத்திட்டு வந்து இதக் கேக்காம வுட்டுட்டியே."

மறுபடி போனேன். அதிகாரியின் வண்டியை இரண்டு முறையும் திருச்சிக்குக் கட்டி இழுத்துப் போயிருக்கிறார்கள். ஒரு முறை, சாமான் வர நான்கு நாள். ஃப்ளெக்ஸ் கடைக்காரருக்கு அரியலூரிலிருந்து மெக்கானிக் பைக்கில் சாமானோடு வந்திருக்கிறார். "நுங்கு வாங்கித் தின்னுட்டு நின்னேன். அதுக்குள்ள முடிச்சுட்டாரு."

அக்கா லோக்கலை வாங்கினாள். ஓட்டவும் அவளே கற்றுக்கொண்டாள். மாமாவுக்கு மனம் ஆறவில்லை. "ஆஸ்பத்திரிக்குன்னாலும் வண்டி பாக்க ஒரு மாதிரியா இருக்க வேணாமா மாப்ள?" என்று என்னிடம் கேட்டார்.

"பொண்ணு பாக்கவா போறீங்க?" என்றாள் அக்கா.

சில மாதம் ஓடியது. போன வாரம் காலையில், டயாலிசிசுக்குப் போகும் வழியில், கல்லங்குறிச்சி தாண்டுவதற்குள் வண்டி நின்றுவிட்டது. அக்கா முதலில் அரியலூர் மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டாள். வந்துகொண்டே இருக்கிறேன் என்றார் அவர். அவள் காத்திருக்கவில்லை. அங்குள்ள பெருமாள் கோயிலுக்கு வந்துவிட்டு அரியலூருக்குத் திரும்பிய ஒரு காரைச் சாலையின் நடுவில் நின்று மறித்தாள். விஷயத்தைச் சொல்லி, மாமாவை அதில் ஏற்றி அனுப்பிவிட்டு, தான் மட்டும் வண்டியோடு இருந்தாள். டீசல் ஃபில்டரை மாற்றியதும் கிளம்பிவிட்டது. அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாமாவுக்கு ஊசி குத்தி, மெஷின் ஓடத் தொடங்கியிருந்தது. முடிந்ததும் அதே வண்டியில் வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

மாலையில் போனில் இதையெல்லாம் சொன்னாள். நான் கேட்டேன்.

"மாமாவ ஏத்தி வுட்டியே, அது என்ன வண்டி?"

"வெள்ளக் காரு."

"அது இல்லக்கா. எந்தக் கம்பெனி? ஃபாரினா, லோக்கலா?"

"யாரு பாத்தா? பின்சீட்டு காலியா இருந்துச்சு" என்றாள்.