தமயந்தியின் சேலையை வெட்டிய கை

பிலிமைப் பத்துத் தண்ணீர் அலச வேண்டும். இது ஆறாவது தண்ணீர். நடுநடுவே கையைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறேன். படம் பிடிக்கிறவரைக் கட்டிக்கொண்ட சகோதரிகளே, அவர் யாரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்பது அலசுகிற நமக்குத்தான் முதலில் தெரியும்.

வடிகட்டிய தண்ணீர்

மலாயாவில் பத்து பாகாட் என்கிற ஊரில் எங்கள் போட்டோ ஸ்டூடியோ. இங்கே நளன் கதை போட்ட நாடகக் கம்பெனி அடுத்து பாலோ ஊருக்குப் போய்விட்டது. தொண்டை கட்டிய தமயந்தி வேஷக்காரி கனகாம்பாள் மட்டும் தங்கினாள். என் வீட்டுக்காரர் தினமும் காலை பத்து மணிக்குக் கொல்லையில் அவளைச் சினிமா எடுக்கத் தொடங்கினார். நாடகத்தை அல்ல, அவளை. கிரீடத்தோடு கஷாயம் குடிப்பாள், காட்டில் நளனைத் தேடுவாள், உடனே ரவிக்கைக்குப் பொத்தான் தைப்பாள். அவள் புருஷனும் பினாங்கில் அவளை விட்டுப் போனவனாம்.

அவள் முகம் விழுந்த பிலிமுக்கு மட்டும் தண்ணீரைத் துணியில் வடிகட்டித் தருவார். எங்கள் குழந்தை குளிப்பது வெறும் கிணற்றுத் தண்ணீரில். கேட்டே விட்டேன். "தூசி பட்டா குழந்தை மேல கோடு விழாதே, புள்ள" என்றார்.

கஷாயம்

பிள்ளை பெற்று நாற்பது நாள் நானும்தான் கஷாயம் குடித்தேன். யார் படம் எடுத்தார்கள்? குடும்பப் படம் எடுக்க வந்த பெக்கோக் தோட்டத்துக் கங்காணி, கொல்லையில் நடப்பதை எட்டிப் பார்த்தார். "இது தமயந்தியா, தமயந்தி வீட்டு வேலைக்காரியா? ஒண்ண முடிவு பண்ணுங்க தம்பி" என்றார். எனக்கு அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது.

கத்தரிக்கோல்

தூங்குகிற தமயந்தியின் சேலையை நளன் பாதி வெட்டிக்கொண்டு போக வேண்டும். இவர் இரண்டு கையும் படக்கருவியில். ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்கிற என்னைக் கூப்பிட்டு, வளையலைக் கழற்றச் சொல்லி, கத்தரிக்கோலைக் கொடுத்தார். கை மட்டும்தான் விழுமாம்.

ரப்பர் மரத்தடியில் அவள் படுத்திருந்தாள். பாதியில் நிறுத்த எனக்கு மனசில்லை, வெட்டிக்கொண்டே போனேன். பேசாத படம்தானே, கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "நல்லா வெட்டு தங்கச்சி. என் ஆளு பாதியா விட்டான்? பொட்டியோட தூக்கிட்டுல்ல போனான்."

வெள்ளைத் துணி

ஜன்னல்களைச் சாத்தி, பகலிலேயே சுவரில் துணி கட்டிக் கங்காணிக்குப் படத்தைக் காட்டினார். கை வந்ததும் கங்காணி நிமிர்ந்து உட்கார்ந்தார். "முகத்தவிட அந்தக் கைதான் நல்லா நடிக்குது, என்னா கோவம். யாரு அந்த ஆளு?" கதவுக்குப் பின்னால் நின்றேன். இவர் சொன்னார்: "வெளியூர் ஆளுங்க. பேரு ஞாபகமில்ல."

நளனாவது ஒரே ஒரு தடவை விட்டுப் போனான், என் வீட்டுக்காரர் வீட்டிலேயே இருந்துகொண்டு தினமும் காலை பத்து மணிக்கு என்னை விட்டுப் போகிறார், ஆகையால் சகோதரிகளே, நம்மைப் போன்றவர்கள் செய்யக்கூடியது என்னவென்றால், இதோ வந்துட்டேங்க, தண்ணி மாத்திக்கிட்டுத்தான்