பாய்லர் ஹவுஸுக்குப் போன பன்னிரண்டு வீடுகள்

போன ஞாயிற்றுக்கிழமை வாஷியில் மகள் வீட்டில் இருந்தேன். அவள் லேப்டாப்பில் கட்டம் கட்டமாக ஏதோ ஆபீஸ் கணக்கைத் திறந்து வைத்திருந்தாள். வாசல் மணி அடித்தது. அப்படியே மூடியைச் சாத்திவிட்டு எழுந்து போனாள். "சேவ் பண்ணினியா?" என்று என்னையறியாமல் குரல் எழும்பிவிட்டது.

அது தானாகவே சேவ் ஆகிவிடுமாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம். "யாரு எந்தக் கட்டத்த எப்ப மாத்துனாங்கன்னு கூட அதுல இருக்கும்மா" என்றாள். பிறகு டீ ஆறிப்போகும்வரை வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

கியாஸை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நான் அந்த ரகம். இன்றைக்கும் ஒரு கடிதம் தட்டினால் மூன்று பெயர்களில் மூன்று தடவை சேமிப்பேன். பிறந்தபோதே இப்படியில்லை. செம்பூர் தொழிற்சாலையில் பிடித்துக்கொண்ட வியாதி இது.

தாராவியிலிருந்து தினமும் அங்கே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். டைப்பிஸ்டாகச் சேர்ந்து, கம்ப்யூட்டர் வந்ததும் ஆறு வாரம் வகுப்புக்கு அனுப்பப்பட்டவள். தொழிற்சாலை முழுக்க ஏசி இருந்த ஒரே அறை எங்களுடையது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். உள்ளே பிரிண்டர் ரிப்பனின் மை வாசனையும் பினாயிலும் கலந்து அடிக்கும். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஏதாவது ஒரு அதிகாரி "சும்மா பார்க்க" வந்து, நாற்காலியில் அரை மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டுப் போவார்.

அந்த அறைக்கு நாங்கள் இரண்டு பேர். இன்னொருவர் கமலா மேடம், மாட்டுங்காவிலிருந்து வருகிற பாலக்காட்டுக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். தயிர்சாத டப்பாவைத் திறக்கும்போதுகூட யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். அவருக்கு என்னைப் பிடிக்காது என்று நான் முடிவு செய்திருந்தேன். விசாரித்து எடுத்த முடிவெல்லாம் இல்லை.

கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. மவுஸ் கிடையாது. சாய்கோட்டுப் பொத்தானைத் தட்டினால் மேலே ஒரு வரி ஓடும். F என்றால் ஃபைல், S என்றால் சேவ். அதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தால் இரண்டே சொல்லைக் காட்டும்: கேன்சல், ரீப்ளேஸ். R தட்டினால் பழையது போயே போய்விடும். எங்கேயும் தேடி எடுக்க முடியாது. நான் அந்தக் கேள்வியைப் படிப்பதே இல்லை. விரல் தானாக R-க்குப் போய்விடும். வேகமான கை என்று எனக்கு அதில் ஒரு பெருமை வேறு.

பிரிண்ட் எடுப்பது தனிப் பாடு. எங்கிருந்து எங்கே வரை அச்சிட வேண்டும் என்று அம்புக்குறியால் நகர்ந்து காட்ட வேண்டும். அகலமான பட்டியல் என்றால் வலது பக்கத்துப் பத்திகள் மட்டும் தனித் தாளில் வந்து விழும். இரண்டு தாளையும் மைதாப் பசையால் ஒட்டுவோம். அந்தப் பசை வாசனை எங்கே வந்தாலும் எனக்கு நோட்டீஸ் போர்டுதான் ஞாபகம் வரும். நோட்டீஸ் போர்டு என்றால் அந்த வீட்டுப் பட்டியல்.

கம்பெனி குவார்ட்டர்ஸில் பன்னிரண்டு வீடுகள் காலியாகியிருந்தன. தனிக் கழிப்பறை, குழாயில் காலை மாலை தண்ணீர். யார் முதலில் வேலைக்குச் சேர்ந்தார்களோ அவர்களுக்கு முதல் வீடு என்பது விதி. நூற்றைம்பது பேர் மனுப் போட்டிருந்தார்கள். கமலா மேடம் ரெஜிஸ்டரைப் படிக்க, நான் அடித்தேன். ரெஜிஸ்டர் பிரிவுவாரியாக இருந்தது; முதல் பிரிவு பாய்லர் ஹவுஸ். அடித்து முடித்தபின் சேர்ந்த தேதி வரிசைக்குக் கம்ப்யூட்டரே மாற்றிக் கொடுத்துவிடும்.

ஒரு சனிக்கிழமை மதியத்தோடு வேலை முடிந்தது. மறந்துவிட்ட டிபன் பாக்ஸை எடுக்கத் திரும்பி வந்தேன். கமலா மேடம் ஒரு ஃப்ளாப்பியைக் கைப்பைக்குள் வைப்பதைப் பார்த்தேன். ஃப்ளாப்பி எதுவும் அறையை விட்டு வெளியே போகக் கூடாது. நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை தேதிவாரியாக வரிசைப்படுத்தி, சேவ் செய்து, அச்சிட்டு, ஒட்டி, போர்டில் மாட்டினேன். என் கவனமெல்லாம் பேப்பர் சிக்காமல் வர வேண்டுமே என்பதில் இருந்தது. என்ன வந்திருக்கிறது என்று பார்க்கவில்லை.

மறுநாள் செருப்பைக் கழற்றிவிட்டு அறை வாசலில் வந்து நின்றவர் சாவந்த் என்ற ஃபிட்டர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். குர்லாவில் ஒற்றை அறையில் ஏழு பேர். நாலாவதாக வர வேண்டிய பெயர் எண்பதுக்கும் கீழே கிடந்தது. என் தேதியையே மாற்றிவிட்டார்களே மகளே என்று இந்தியில் மெதுவாகக் கேட்டார். கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

பன்னிரண்டு வீடும் பாய்லர் ஹவுஸுக்கே போயிருந்தது. கேன்டீனில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. "செட்டிங்" என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. உள்ளே ஆள் வைத்து முடித்துக்கொண்டார்கள் என்று பம்பாயில் அதற்கு அர்த்தம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பட்டியலில் மூன்றாவதாக இருந்தவர் பாய்லர் ஹவுஸில் வேலை பார்த்த என் சாச்சா, வாப்பாவின் தம்பி. அவருடைய தேதி எட்டு வருஷம் முன்னால் போயிருந்தது.

அன்று சாயங்காலம் சாச்சா தாராவியில் எங்கள் வீட்டுக்கு ஒரு கிலோ மைசூர்பாக்கோடு வந்தார். உம்மா உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"சத்தம் காட்டாத. நீ செஞ்சத நான் மறக்க மாட்டேம்ளா."

நான் ஒன்றும் செய்யவில்லை என்றேன். அதுதான் சரியான பதில் என்பதுபோலத் தலையாட்டினார். சாச்சி அதற்குள் குவார்ட்டர்ஸை வெளியிலிருந்து பார்த்து ஜன்னலை எண்ணி, திரைச்சீலைக்குத் துணியும் வாங்கிவிட்டிருந்தார்.

மறுநாள் ஃபைலைத் திறந்து ரெஜிஸ்டரோடு ஒப்பிட்டேன். சாவந்தின் தேதி தப்பு. சாச்சாவின் தேதி தப்பு. மூன்றாவதாக ஒரு பெயரைப் பார்த்திருந்தால் அப்போதே விஷயம் விளங்கியிருக்கும். எனக்கு இரண்டே போதுமாக இருந்தது. சனிக்கிழமைக் கைப்பை கண்முன் வந்தது. என்னை மாட்டிவிடத்தான் சாச்சாவைத் தேர்ந்தெடுத்து மேலே ஏற்றியிருக்கிறார் என்று தோன்றியது. அதன்பின் கமலா மேடம் இருமினால்கூட அதில் ஒரு திட்டம் தெரிந்தது.

வியாழக்கிழமை நிர்வாக அதிகாரி சுந்தரம் சாரிடம் போய், ஃப்ளாப்பி வெளியே போனதைச் சொல்லிவிட்டேன். அவர் உடனே எங்கள் அறைக்கு வந்தார். கேட்டார். கமலா மேடம் மறுக்கவில்லை. கைப்பையைத் திறந்து ஃப்ளாப்பியை மேஜைமேல் வைத்தார்.

"ஆமா, எடுத்துண்டு போனேன். ரீப்ளேஸான்னு கேட்டா இவ படிக்கறதே இல்லை, டக்குனு தட்டிடறா. நேக்கு இவ கையில நம்பிக்கை கிடையாது. அதான் சனிக்கிழமை தோறும் ஒரு காப்பி எடுத்து என் பையிலயே வெச்சுக்கறேன்."

ஃப்ளாப்பியைப் போட்டுத் திறந்தார்கள். சாவந்தின் பெயருக்கு நேரே சரியான தேதி. சாச்சாவுக்கும் சரியான தேதி. சனிக்கிழமை சரியாக இருந்திருக்கிறது. அதன்பிறகு ஃபைலைத் தொட்டவள் நான் ஒருத்திதான். சுந்தரம் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் திரையில் தெரிந்தது. திங்கட்கிழமை வரிசைப்படுத்தும்போது முழுப் பட்டியலையும் காட்டாமல் தேதிப் பத்தியை மட்டும் காட்டியிருக்கிறேன். தேதிகள் மட்டும் நகர்ந்து வரிசையாகிவிட்டன. பெயர்கள் ரெஜிஸ்டரில் இருந்தபடியே நின்றுவிட்டன. முதலில் இருந்த பாய்லர் ஹவுஸ் ஆட்களுக்கு இருப்பதிலேயே பழைய தேதிகள் போய் ஒட்டிக்கொண்டன. பிறகு ரீப்ளேஸ்.

திரையில் தேதிப் பத்தியைச் சுட்டிக்காட்டினேன். உன் சாச்சா பெயர் எப்படி மூன்றாவதாக வந்தது என்று சுந்தரம் சார் திரும்பத் திரும்ப அதையே கேட்டார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். பதில் சொன்னது கமலா மேடம்.

"திருட்டுத்தனம் பண்றவா ஒருத்தர் தேதியை மாத்துவா சார். இவ நூத்தம்பது பேர் தேதியையும் மாத்தி வெச்சிருக்கா. இது வெறும் அசட்டுத்தனம்."

வாழ்க்கையில் என்னைப் பற்றி யாரும் சொன்ன நல்ல வார்த்தைகளில் இதை முதலில் வைப்பேன்.

புதிய பட்டியலை நாங்கள் இருவரும் சேர்ந்து வரிவரியாக ரெஜிஸ்டரோடு ஒப்பிட்டு மாட்டினோம். சாவந்த் நாலாவது. சாச்சா அறுபத்திரண்டு. கேன்டீனில் பேச்சு நிற்கவில்லை. மாட்டிக்கொண்டதும் திருத்திவிட்டாள் என்று அது கொஞ்சம் உருமாறியது, அவ்வளவுதான். நான் கமலா மேடத்திடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி, சரி, ரிப்பனை மாத்து" என்றார். அதன்பின் சனிக்கிழமைக் காப்பியை என் கண்ணெதிரேயே எடுத்தார். நானும் எனக்கென்று ஒன்று எடுக்க ஆரம்பித்தேன். ஒருவரையொருவர் நம்பாமல் பதினோரு வருஷம் நன்றாகவே வேலை பார்த்தோம்.

வீட்டில்தான் ஒன்றும் சரியாகவில்லை. அது என் கைத்தப்பு என்று சாச்சாவிடம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். முதலில் எனக்காகச் செய்தாய், பிறகு பயந்துபோய் உன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள என்னைக் கீழே தள்ளினாய் என்பதே அவர் கணக்கு. வாய்விட்டு ஒருநாளும் சொல்லவில்லை. என் கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிடாமல் போனார்.

தொழிற்சாலை மூடி வெகுகாலமாகிறது. அந்த இடத்தில் இப்போது இருபது மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. குவார்ட்டர்ஸையும் இடித்துவிட்டார்கள். கமலா மேடம் நெருளுக்குக் குடிபோனார் என்பதுவரை தெரியும். அங்கே இப்போது யாரும் போனை எடுப்பதில்லை.

இரண்டு வருஷம் முன்பு சாச்சாவை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, "சாச்சா, அன்னைக்கு அந்த லிஸ்டுல நடந்தது நான் செஞ்சதுதான்" என்று ஆரம்பித்தேன். மிச்சத்தை நிதானமாகச் சொல்ல நினைத்திருந்தேன்.

"அது எனக்கு அப்பமே தெரியும்ளா" என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

எது தெரியும் என்று மறுநாள் கேட்கலாம் என்றிருந்தேன். மறுநாள் போனபோது கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.